கட்டைவிரலுக்கு வேலை

ஜனவரியில் என் கிராபிக்ஸ் கார்டு செத்தது.
கருகிய வாசனை. கடைசியாய்
திரையின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு.
ரீகாவில் புதிய கார்டின் விலை
என் இரண்டு மாத வாடகை.
துறைமுக அலுவலகத்தில் சரக்குப் பெட்டிகளை எண்ணுகிறவன் நான்.
கணக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷ விசைப்பலகைக்காரன்.
முன்னே, பின்னே, இடம், வலம்:
நான்கு எழுத்துகள் என் விரல்பட்டே அழிந்தன.
கன்சோல்காரர்களைப் பற்றி
நாங்கள் சொல்லிச் சிரித்ததெல்லாம் எழுதத் தகாது.
சோபாவில் சாய்ந்துகொண்டு ஒருவன்
குறி பார்ப்பானாம்,
கட்டைவிரலால்!

சனிக்கிழமை.
பனி மிதிபட்டுச் சேறான லாட்கலீதே சந்தையில்
துருப்பிடித்த பூட்டுகளுக்கும்
ஒற்றை ஸ்கேட் காலணிக்கும் நடுவே
ஒரு கன்சோல், இரண்டு கண்ட்ரோலர்,
ஓரம் விரிசல் விட்ட கையடக்கம் ஒன்று.
விற்ற கென்னாதி மீனுக்குப் புகை போடுகிறவன்.
"எல்லாம் சேர்த்து எண்பது. விரிசலுக்காக எழுபது."
ஒரு வாரம் என் விரல்களில்
புகைமீன் மணத்தது.

முதல் இரவு வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.
குச்சியைத் தள்ளினால் மேகம்,
இழுத்தால் காலடி,
இரண்டு குச்சியும் சேர்ந்தால் சுவர்.
மூலையில் முகம் புதைத்து நின்றான் என் வீரன்,
வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி.
என் இடது கட்டைவிரல்
இத்தனை வருஷம் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பிழைத்தது.
வலதுக்கு அதுவும் இல்லை.
மவுஸின் விலாவில் சாய்ந்து
சும்மா சம்பளம் வாங்கியது.

அப்போது பாலம் உடைந்தது.
உள்ளங்கைக்குள் ஏதோ உறுமியது.
கண்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டேன்.
ஆயிரம் பாலங்கள் உடையப் பார்த்தவன்;
ஒன்றுகூட என்னைத் தொட்டதில்லை.

சத்தம் கேட்டு பைபா வந்தாள்.
பதினோரு வருஷமாய்
என்னில் அவளுக்கு அதிகம் பழக்கம் முதுகு.
கணினி மேசை சுவரைப் பார்த்துப் போட்டது;
சோபாவுக்கு அந்த வசதி கிடையாது.
எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து
இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்தாள்.
பகலெல்லாம் பீங்கானில் பல் செதுக்குகிற கை, நடுங்காது.
பள்ளத்தை மூன்றாம் முறை தாண்டினாள்.
எனக்கு ஒன்பது.
எட்டாவதில் நான் அவளையும் இழுத்துக்கொண்டு விழ,
"ஓயார்ஸ்!" என்று தொடங்கி
லாட்கலிய மொழியில் திட்டினாள்.
அவள் ஊர் மொழியில் இவ்வளவு வசவு இருப்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.
எழுதி வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கையடக்கத்தை டிராலிபஸ்ஸில் எடுத்துப் போகிறேன்.
அதில் மரம் என்றால் பன்னிரண்டு பச்சைச் சதுரம்.
நிழலின் ஓரம் பிசிறடிக்கிறதென்று
ஒரு காலத்தில் இரவெல்லாம் தூங்காதவன்,
இப்போது சதுரத்தை மரம் என்கிறேன்,
உடனே அதில் காற்றும் அடிக்கிறது.
இறங்கும் இடம் வந்தால் ஒரு பொத்தான்.
வாள் அந்தரத்தில். பூதத்தின் வாய் திறந்தபடி.
சேமிக்கும் இடம் வரை ஓட வேண்டாம்;
"இதோ, அஞ்சு நிமிஷம்" என்று
சமையலறைப் பக்கம் பொய் சொல்ல வேண்டாம்.
குதிரையைப் போல
நின்றபடியே தூங்குகிறது போர்,
என் கோட்டின் உள்பையில்,
இளஞ்சூடாய்.

நேற்று நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.
நிமிர்ந்தால் தௌகவா ஆற்றுக்கு அக்கரை.
மைனஸ் பதினொன்றில் பாலத்தின்மேல் திரும்பி நடந்தேன்.
கீழே உறைபனியில் துளை போட்டு
ஒருவன் தூண்டிலோடு குந்தியிருந்தான்.
ஒரு மணி நேரமாய் ஒன்றும் கடித்திருக்காது.
அவன் கையிலும்
கட்டைவிரல் மட்டும் லேசாய் அசைந்துகொண்டிருந்தது.

கார்டு ஏப்ரலில் வாங்குவேன்.
வாங்காமலிருக்க நான் என்ன துறவியா?
மேசையைத் திருப்பிப் போடலாமே என்கிறாள் பைபா.
கேபிள் எட்டாது என்றேன்.
டேப்பை எடுத்து வந்து அளந்தாள்.
எட்டும்.
நாற்பது சென்டிமீட்டர் மிச்சம்கூட.