காடாத்துணி நாலு முழம்

பெண்கள் ஐக்கியத்தில் இந்த மாதம் என் முறை.
"ஒரு பரிசுத்தவானைப் பற்றி ஐந்து நிமிடம்,
கடைசியில் ஒரு பாடம்" என்றார் ஐயரம்மா.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுவது.

நடுவட்டம் ஆலயத்து மரப்பெட்டியில்
கரையான் விட்டுவைத்த நோட்டு ஒன்று.
உபதேசியார் ஞானாபரணம்.
தாது வருஷம், சிங்கோனாத் தோட்டத்துக்கு
வேதம் சொல்ல வந்தவர்.
ஆவணி முழுக்க ஒரே வரி:
"மழை. மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை."

பிறகு வந்தார்கள்.
மைசூர்ப் பக்கமிருந்து கூடலூர் வழியே
பஞ்சம் மலையேறி வந்தது.
"இவர்கள் பேச்சு எனக்கு விளங்கவில்லை.
என் பிரசங்கம் இவர்களுக்கு எதற்கு.
அரிசி இரண்டு படி, கஞ்சிக்கு.
காடாத்துணி நாலு முழம்.
காடாத்துணி நாலு முழம்.
காடாத்துணி ஒன்றரை முழம்."

ஒன்றரை முழம் எந்த உயரம் என்று
என் கைக்குத் தெரியும். நானும் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தவள்.

"பெயர் தெரியாது. இடது கையில் தேள் பச்சை.
நீரு என்றாள்.
அந்த ஒரு சொல் விளங்கிற்று."

"பெயர் தெரியாது. கிழவர். என் விரலை விடவில்லை."

"இன்று ஜெபிக்க வாய் வரவில்லை.
மணியை மட்டும் அடித்தேன்."

வருஷக் கடைசியில் வேறொரு கை, சிவப்பு மை:
ஞானஸ்நானம் இல்லை. பலன் போதாது.
அதற்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை.
இரண்டு பக்கம் தள்ளி
மறுபடி அரிசி, மறுபடி துணி.

அப்பா மண்டபம் முகாமில் இறங்கிய நாளில்
யாரோ அவசரத்தில் பெயரை மாற்றி எழுதினார்கள்.
அருமைராசு என்ற மனுஷனை
ஆறுமுகராசு என்றே
ரேஷன் அட்டை கடைசிவரை கூப்பிட்டது.

ஐக்கியத்தில் நோட்டை அப்படியே வாசித்தேன்.
ஏழு நிமிடம் ஆகிவிட்டது.
பாடம் சொல்ல மறந்துபோனேன்.
ஐயரம்மாவும் கேட்கவில்லை,
டீ ஆறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை, தராசு.
ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள்.
என் பதிவேட்டில் மூன்று மாதமாய்
வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு, வடக்கு மூன்று.
முதல் ஆளின் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு
என் நெஞ்சைத் தொட்டு "கிருபாவதி" என்றேன்.
விழித்தாள். பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள்.
அவள் சொன்னது
மூன்றாம் தடவைதான் எழுத்துக்குள் வந்தது.

புத்னி டிர்க்கி.
பதினேழு கிலோ.
மழை.