குளித்த பிறகு

சோனாங்குப்பத்தில் ஈயமணி வார்ப்பவன் நான்.
மணி என்றாலும் ஒலிக்காது.
வலையின் அடிக்கயிற்றில் கோத்தால்
தரையைத் தேடிப் போகும், அவ்வளவுதான்.

முதுநகர் சலாவுதீன் பஞ்சர் கடையில்
சக்கரத்திலிருந்து கழன்ற கட்டிகள்,
செத்த பேட்டரியின் தட்டுகள்,
கிலோ கணக்கில் வாங்கி வந்து
கைப்பிடி போன குக்கரில் உருக்குவேன்.
மேலே மிதக்கும் கசடைக் கரண்டியால் ஒதுக்கினால்
அடியில் என் முகம் தெரியும், பளபளவென்று.
அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது.

மிதுளா எண்ணப் பழகியது அந்த மணிகளில்.
ஒண்ணு, இன்னொண்ணு, அப்புறம் ஒண்ணு.
பல் முளைத்தபோது
ஈறில் ஒன்றை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.
சில்லென்று இருக்கும்போல என்று சிரித்தோம்.
போனில் போட்டோ இருக்கிறது.
இன்னும் அழிக்கவில்லை.

அங்கன்வாடித் தராசில் ஏழு மாதமாய் ஒரே எடை.
அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.
இரண்டு சொல் சேர்த்துச் சொல்வாள்,
மூன்றாவது வராது.
வந்தா மழையாக் கொட்டும் பாரு என்றது தெரு.
கேட்டுக்கொண்டே இருந்த அஞ்சலாட்சி
மறுநாள் மீன் ஏலத்துக்குப் போகவில்லை.
எங்கள் இருவரையும் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றினாள்.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு
என் நகக்கண்ணைப் பார்த்தார்.
"வீட்டுல என்ன வேலை நடக்குது?"

சீட்டில் வந்த எண் முப்பத்தொன்று.
கிராமா என்று கேட்டேன்.
ஒரு கிராமைப் பத்து லட்சமாய் உடைத்து
அதில் முப்பத்தொரு துணுக்கு,
அரை டம்ளர் ரத்தத்துக்கு.
நான் மூட்டையாய்த் தூக்குகிறவன்.
எவ்வளவு இருந்தா பரவாயில்லை?
"எவ்வளவும் இருக்கக் கூடாதுங்க.
சுண்ணாம்புச் சத்துன்னு ஏமாந்து
எலும்பு அதுக்குக் கதவைத் திறந்துவிடும்.
குடியேறிட்டா லேசில காலி பண்ணாது."

ஊசி போட்டு எடுத்துவிடுங்கள் என்றேன்.
இந்த அளவுக்கு ஊசி இல்லை, வீட்டைச் சுத்தம் பண்ணுங்கள் என்றார்.
இரும்புச்சத்துச் சொட்டு மருந்து ஒரு பாட்டில்,
நெத்திலி, முருங்கைக்கீரை,
சாப்பிடும் முன் கை, தூங்கும் முன் கை.

விளக்குமாறு வெளியே போயிற்று,
ஈரத்துணி உள்ளே வந்தது.
என் லுங்கிக்குத் தனி வாளி.
அடுப்பை ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் கொண்டுபோனேன்,
அங்கேயும் யாரோ பெற்ற பிள்ளை வரும் என்று
தகரத்தில் கதவும் பூட்டும் போட்டேன்.
வாசல் மண்ணை ஒரு சாண் வெட்டியெடுத்தேன்.
வெட்டியதை எங்கே போடுவது?
கேட்ட இடத்திலெல்லாம் தோளைக் குலுக்கினார்கள்.
ஒன்பது சாக்கு, வாய் தைத்து,
அந்தப் பூட்டுக்குள்ளேயே நிற்கிறது.

அஞ்சலாட்சி வீடு வீடாய்ச் சொல்லப் போனாள்.
"எங்கப்பன் பல்லால கடிச்சுத்தான் மணி இறுக்கினாரு,
செத்தா போயிட்டாரு?"
"அவருக்கு வராமப் போன சொல்லை
யாருண்ணா எண்ணிப் பார்த்தது?"
நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.
ஐந்தாவது வீட்டில் தொட்டிலுக்குக் கீழே கிடந்த வலையை
அப்போதே தூக்கி வெளியே போட்டார்கள்.

எனக்குக் கஷ்டம் சாயங்காலம்தான்.
தெருமுனையில் என் தலை தெரிந்ததும்
இரண்டு கையையும் விரித்து ஓடி வருவாள்.
டிராபிக் போலீஸ் மாதிரி கை காட்டுவேன்:
நில்லு. அங்கேயே நில்லு.
முதல் வாரம் முழுக்க
மண்ணில் புரண்டு அழுதாள், அதுவும் அந்த மண்ணில்.
நான் குழாயடியில் முதுகு காட்டி நின்றேன்.

மறுபடி ரத்தம் கொடுத்தோம். இருபத்திரண்டு.
சந்தோஷப்படலாமா என்று கேட்டேன்.
"வேலையை விட்டுடாதீங்க" என்றார்.
எந்த வேலையை என்று பஸ்ஸில் வந்தபோது யோசித்தேன்.

நேற்று தெருமுனையில் நான் கை தூக்கவில்லை.
அவளே நின்றுவிட்டாள்.
குழாயடியில் மக்கும் சோப்பும் வைத்திருந்தது.
தூரத்திலிருந்தே விரலை ஆட்டினாள்,
"அப்பா குளி சீக்கிரம்."

ஒண்ணு, இன்னொண்ணு, அப்புறம் ஒண்ணு
என்று எண்ணிக்கொண்டே
தலையில் தண்ணீரை ஊற்றினேன்.