வியாழக்கிழமை

எங்கள் தெருவுக்குக் கரண்ட்
நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும்.
ரங்கூனில் இதற்குக் கடிகாரம் வேண்டாம்.
ஃபேன் நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்பே
கை தானாகப் போய் சார்ஜரைப் பிடுங்கும்.

கெட்டமினுக்கும் இப்படி ஒரு முறை வைத்தால் என்ன?

தெயிங்ஜி சந்தையில் நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.
அட்டையில் பலூனோடு இரண்டு முயல்.
பெயர் என்ற கோட்டில் எதை எழுதுவது?
வீட்டில் முத்திருளாண்டி,
அடையாள அட்டையில் ஸோ வின்,
கேடிவி வாசல்களில் ஜெனரேட்டர்காரன்.
விளக்கு அணைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
கூலி பாதி பணமாக வரும்,
பாதி மடித்த காகிதத்தில்.
கோட்டைக் காலியாக விட்டேன்.

முதல் வாரம் எதையும் நிறுத்தவில்லை.
எழுத மட்டும் செய்தேன்.
எத்தனை மணிக்கு, யாரோடு,
அதற்கு முன்னால் என்ன நடந்தது,
பிறகு எத்தனை தடவை ஒன்றுக்குப் போனேன்.
பத்தொன்பது. பதினேழு. இருபத்தொன்று.
இந்த ஊரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கழிப்பறைகள்:
எந்தப் பெட்ரோல் பங்க்கில் கதவுக்குத் தாழ் இல்லை,
எந்த டீக்கடைக்காரன் முகம் சுளிக்க மாட்டான்.

முன்னால் என்ன நடந்தது என்ற கட்டத்தில்
ஆறு நாள் ஒரே வார்த்தை: ஒன்றுமில்லை.
வேலை முடியும், பதினொரு மணி,
காதுக்குள் மட்டும் டீசல் என்ஜின் ஓடும்,
அறையில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
நான் மூக்கால் இழுத்திருக்கிறேன்.

இதையும் எழுதினேன்: நன்றாகத்தான் இருந்தது.
கை என் கையாக இல்லாத அந்தக் கொஞ்ச நேரம்,
சுவரெல்லாம் பஞ்சு.
இதை மறைத்தால் நோட்டும்
என் கூட்டாளிகள் மாதிரி ஆகிவிடும்.

பிறகு விதி. வெள்ளி, சனி மட்டும்.
கூலி முழுவதும் பணமாக.
தனியாக இல்லை, விஸ்கியோடு இல்லை.
ஒயர் பிடிக்கும் லத்தீபிடம் மட்டும் சொன்னேன்.
அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
துடைத்துக்கொண்டே இருந்தான்.
மறுநாள் கேட்டான்:
'இன்னைக்கு வியாழன்தானே?'
அன்றைக்குத் திங்கள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், விடாத மழை.
தனியாக. மூன்று தடவை.
விடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன்.
தைத்த நோட்டில் ஒரு தாளை இழுத்தால்
அதன் மறுபாதியும் கையோடு வரும்.
மறுபாதி, இன்னும் எழுதாத
அக்டோபர் பக்கம்.
விட்டுவிட்டேன்.

அதற்குப் பின் ஒரு காலை
சிறுநீர் சிவப்பாகப் போனது.
இதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
கிளினிக்கில் வாய் வரவில்லை, நோட்டை நீட்டினேன்.
டாக்டருக்குத் தமிழ் தெரியாது.
எண்களில் விரலை வைத்துக்கொண்டே போனார்.
இருபத்தொன்றில் நின்றார்.
ஸ்கேன் பார்க்கவேண்டும், கரண்ட் இல்லை,
ஜெனரேட்டர் ஒரு வாரமாக ஓடவில்லையாம்.

ஃபில்டரில் அழுக்கு.
இருபது நிமிட வேலை.
என்ஜின் இரைந்து பிடித்ததும்
கை கழுவிக்கொண்டு போய் மேஜையில் படுத்தேன்.
வயிற்றில் குளிர்ந்த களிம்பு.
'பை சுருங்கியிருக்கிறது' என்றார்.
முழுசாக விட்டால் கொஞ்சம் விரியலாமாம்.
கொஞ்சம் என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.
வாரா வாரம் வரச்சொன்னார்.
ஜெனரேட்டருக்குக் காசு கொடுத்தார், தாளாக, எண்ணி.

நேற்று ஒன்பது தடவை.
ராத்திரி இரண்டுதான்.

இன்று சனி.
என் விதிப்படி இன்று தடையில்லை.
எட்டு மணிக்கு விளக்கு போனது,
போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.
படிக்கட்டில் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது,
ஒரு கையில் பொட்டலம் கட்டிய அத்தோ.
மூச்சு வாங்கக் கேட்டான்:
'இன்னைக்கு வியாழன்தானே?'

ஆமாம் லத்தீபு, என்றேன்.
வியாழன்தான்.