சிவப்பு, சிவப்பு, பழுப்பு

பதினேழாம் ரெசிஸ்டர் கருகிப்போயிருந்தது.
நிறக்கோடுகள் இருந்த இடத்தில்
தீய்ந்த புளியங்கொட்டைத் தோல்.
கேள்வி அவ்வளவுதான்:
அது எத்தனை ஓம்?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி.
சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு
முகம் மட்டும் பழுதுபடாத அந்த ரேடியோ.
பின்னட்டையில் மாதிரி எண்ணின்
கடைசி இரண்டு இலக்கத்தையும் கறையான் வாசித்து முடித்திருந்தது.
"குத்துமதிப்பா ஒண்டைப் போட்டுப் பாருமன்"
என்றார் என் கணவர், தேங்காய் துருவியபடி.
நான் வங்கியில் கணக்குப் பரிசோதிக்கிறவள்.
குத்துமதிப்புக்கு
எங்கள் பேரேட்டில் பத்தி கிடையாது.

சனிக்கிழமைகள் போயின.

பஞ்சிகாவத்தையில் ஒருவன்
வால்வு இருக்கு, பெட்டி இருக்கு, குமிழ் எத்தனை வேணும்,
கடதாசி மட்டும் கேக்காதீங்க என்றான்.
சொல்லிக்கொண்டே
மாலுபணிஸ் சுற்றிவந்த கடதாசியில் விரல் துடைத்தான்.
தெஹிவளையில் எண்ணூறு ரூபாவுக்கு
ஒரு வரைபடம் வாங்கினேன்.
அதே முகம், வேறு வயிறு.
ஐந்து வால்வுக்கு வரைந்தது. என்னிடம் ஆறு.
மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி நூலகத்தில்
இழுப்பறைக்குள் அட்டை இருந்தது.
தட்டில், ஒரு புத்தகத்தின் தடிப்புக்கு
இடைவெளி இருந்தது.
அதற்குள் கையை வைத்துப் பார்த்தேன்,
ஏனென்று தெரியாது.

நூலகர்தான் சொன்னார்,
கொம்பனித்தெருவில் ஜல்தீன் என்றொருவர்.

சந்துக்குள் சந்து. புதுக் கட்டடத்துக் கிரேனின் நிழல்
அவருடைய தகரக் கூரையைக் கடந்து போனது,
திரும்பி வந்தது.
கதவைத் திறந்தவரின் முதற் கேள்வி:
"நீங்க அருளம்பலத்தாரோட ஆளா?"
இல்லை என்றேன்.
முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை.
அதற்குள் தலையணை உறை. அதற்குள் அது.
முதற்பக்கத்தில் ஊதா முத்திரை,
அருளம்பலம் ரேடியோஸ், முதலாம் குறுக்குத்தெரு.
கீழே பென்சிலில்:
இரவல், ஜல்தீன், 28.6.83. திங்கள் தருவார்.

"முதல் திங்கள் எனக்குக் காய்ச்சல்.
ரெண்டாந் திங்கள் வேலை.
மூணாந் திங்கள் சோம்பல், பொய் ஏன் சொல்ல.
நாலாந் திங்கள் இதைக் கையில எடுத்துக்கிட்டு
ரோட்டுக்கு வந்தேன்..."
தேத்தண்ணி போட எழுந்து போனார்.
நெடுநேரம் தண்ணீர் கொதித்தது.

ஆறு வால்வு. என்னுடையதேதான்.
பக்கம் நாற்பத்தொன்று, பதினேழாம் ரெசிஸ்டர்,
இருநூற்றிருபது ஓம்.
சிவப்பு, சிவப்பு, பழுப்பு.
நான் வந்த காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

கோப்பையை வைத்துவிட்டு அவர் கேட்டதற்குத்தான்
என்னிடம் பதிலில்லை.
"இத நான் யார்கிட்ட குடுக்க?"
டொரன்டோவிலா, சென்னையிலா, எங்குமே இல்லையா.
எத்தனையோ கடன் கணக்குகளை
ஒரு கையெழுத்தில் மூடியிருக்கிறேன்.
திருப்பிக் கொடுக்காததால் மட்டுமே
மிஞ்சிய ஒன்றை
வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா?

சந்தியில் பிரதியெடுக்கும் கடைக்கு
அவரும் கூடவே வந்தார்.
புத்தகத்தைப் பையன் கையில் கொடுக்கவில்லை,
கண்ணாடிமேல் தானே கவிழ்த்து
தானே தாள் புரட்டினார்.
ஒரு பக்கத்துக்கு வந்தவள்
முழுவதும் என்றேன். ஆறு பிரதி.
ஆறு எதுக்கு என்றான் பையன்.
"இரவல் குடுக்க" என்றார் ஜல்தீன்,
எனக்கு முந்தி.

ஒன்றை மருதானைத் தட்டின் இடைவெளியில் செருகினேன்.
நூலகர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

ரெசிஸ்டர் பதினைந்து ரூபா.
ஞாயிறு காலை சுவிட்சைப் போட்டேன்.
வால்வுகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்தன.
துருவலைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இவரும் வந்து குனிந்தார்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு முனகல்,
காலி வீதி பஸ் ஒன்று நியூட்ரலில் நிற்பதுபோல.
குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பஸ்.

கண்டென்சர் ஒன்றும் போயிருக்கிறது.
பக்கம் நாற்பத்திரண்டு.