புள்ளி

ஸ்டான்லியில் காலை ஏழரைக்கு எடுத்த ரத்தம்
தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ்மேல் கிடக்கிறது.
கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்து
பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறேன்.
"மீனாம்மா?" என்கிறார் எதிர் இருக்கைக்காரர்.
இல்லை என்று சொல்லச் சற்று நேரமானது.

மீன்காரியுடையதுதான்.
காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டுகிற ஜெசிந்தா.
எங்கள் தாளில் அவளுக்குப் பெயரில்லை, முப்பத்தொன்று.
விடிந்தால் விரல் மடங்காது.
கத்திப்பிடியில் துணி சுற்றிச் சுற்றி
இப்போது அது ஒரு குழந்தையின் மணிக்கட்டுப் பருமன்.
"ஐஸ்ல வச்சாத்தான் எரிச்சல் அடங்குது.
ஐஸ்ல வச்சதாலதான் வந்துச்சுன்றான் எம் புள்ள.
நீ இன்னா சொல்ற?"

ஊசியின் மூடியைத் தேடுவதுபோல்
குனிந்துகொண்டேன்.

திருவான்மியூர் தாண்டும்போது ஒரு மருந்துக்கடைப் பலகை.
போன புயலில் புள்ளிகளெல்லாம் உதிர்ந்து
மெடிககலஸ.
எல்லா எழுத்தும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.
புள்ளிக்கு ஒலி கிடையாது.
தனியாக அதை யாரும் உச்சரித்ததில்லை.
மெய்யின் தலைமேல் போய் உட்கார்ந்தால் மட்டும்
உள்ளிருக்கும் அகரம் அடங்கும்.

நான் தேடுவதும் அப்படி ஒன்று.
இருபத்திரண்டு எழுத்து நீளம்.
எந்தப் புரதத்துக்கும் அது செய்முறை இல்லை.
என் விரல்நுனி வியர்வை பட்டாலே சிதைந்துபோகும்.
கல்லூரியில் இந்தப் பக்கங்களைத் தாண்டிப்போவார்கள்:
குப்பை, பரீட்சையில் வராது.
ஜன்னல் வழியே பெருங்குடிப் புகை வரும்.
குப்பை எரியும் என்று தெரியும் எனக்கு,
அணைக்கும் என்று தெரியாது.

அதன் பெயரோ நூற்று நாற்பத்தாறு ஏ,
பிராட்வேயிலிருந்து புறப்படுகிற பஸ் மாதிரி.
உடம்பில் அபாயச் சங்கு ஊதுகிறபோதே
அதுவும் கிளம்பிவிடும்.
மூட்டச் சொன்ன அதே வாய்தான்
போதும் என்பதற்கும் ஆள் அனுப்புகிறது.
எதிர்த்திசையில் நூற்றைம்பத்தைந்து ஓடும்.
அது பெரும்பாலும் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

தரமணியில், மூன்றாம் மாடியில், இரண்டு ஜோடிக் கையுறையோடு
நான் எதிர்பார்த்தது இதுதான்:
முப்பத்தொன்றில் அது குறைவாக இருக்கும்.
ஆள் வரவில்லை, அதனால் தீ அணையவில்லை.
எளிய கணக்கு.

திரையில் கோடு சீக்கிரமே எழுந்தது.
நோயில்லாதவர்களைவிட இரண்டரை மடங்கு.
கோதண்டம் சார் நம்பவில்லை.
"பைப்பெட்டில் தப்பு. மறுபடி ஓட்டு."
ஓட்டினேன். மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி,
மூன்றாம் முறையும் அதே கோடு.
அது அடக்கவேண்டிய புரதங்களைப் பார்த்தேன்.
இம்மியும் இறங்கவில்லை.
புள்ளி இருக்கிறது.
எழுத்துதான் அடங்கவில்லை.

அன்றிரவு வேளச்சேரி வீட்டில்
சோறு பிசைய விரல்களை மடக்கினேன்.
ஐந்தும் மடங்கின.
ஏனோ ஒருமுறை விரித்துப் பார்த்து, மறுபடி மடக்கினேன்.

அடுத்த செவ்வாய் கேட்டாள்:
"என்னாச்சு என் ரத்தம்?"
முடிவைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.
சொன்னேன்.
"உள்ள ஒண்ணு போதும் போதும்னு கத்துதுக்கா.
மத்தது எதுவும் காதுல வாங்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஏலத்துல நின்னிருக்கியா நீ?
வெல ஏறச் சொல்ல
போதும்ன்றவன் கொரல் என்னிக்குக் கேட்டிருக்கு?"
பிறகு சிரிப்பை நிறுத்தி
தன் வலது கையையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
"பாவம்," என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

இடது கையை நீட்டினாள்.
"இன்னிக்கு எத்தினி குப்பி?"
"ரெண்டு" என்றேன்.
ஐஸ் ஏற்கெனவே ஓரங்களில் உருகத் தொடங்கியிருந்தது.