மரத்துப்போன தோள்

சாவி திரும்ப மறுத்தது.
பதினோரு மாதத்தில் பூட்டும் எங்களை மறந்திருந்தது.
யெர்னே தோளால் கதவை இடித்தான்,
புக்காரா விடுதியில் இடித்துப் பழகியபடி.
எதிர்வீட்டு ஸ்தென்கா எட்டிப் பார்த்து
"இழுத்துப் பிடித்துத் திருகணும்,
எப்போதும் அப்படித்தானே" என்றாள்.
ஆமாம். எப்போதும் அப்படித்தான்.

மரிபோரில் நவம்பர்.
திராவா ஆறு மூடுபனிக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.
உள்ளே மூன்று அறைகள்.
இத்தனை சுவர்களை வைத்துக்கொண்டு
இரண்டு பேர் என்னதான் செய்தோம்?
குளியலறையிலிருந்து அவன் எதையோ கேட்கிறான்,
எனக்கு விளங்கவில்லை.
கை நீட்டினால் தட்டுப்படும் தூரத்தில்
முந்நூற்றுச் சொச்சம் நாள் இருந்தவன்.

சமையலறை டிராயரைத் திறந்தேன்:
ஒன்பது கத்திகள்.
வழியெல்லாம் எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று,
ஓஷ் சந்தையில் வாங்கியது, கொம்புப் பிடி.
அதால் சோப்பு நறுக்கினோம்,
பையின் வாரில் துளை போட்டோம்,
அவன் கால் முள்ளை எடுத்தேன்.
அதே ஓஷில்தான் பெரிய சண்டையும்.
காரணம் கேட்டால் இன்று ஆளுக்கொன்று சொல்வோம்.
ஒரு பகல் முழுக்கத் தெருவின்
இரு ஓரமாய் நடந்தோம், ஒரு சொல் இல்லை.
பொழுது சாய்ந்தது, பசித்தது.
கத்தி அவனிடம்.
முலாம்பழம் என்னிடம்.

ஹனோய் விமான நிலையத்தில்
கையுறை போட்ட ஒரு பையன்
அந்தக் கத்தியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டான்.
மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தான்.

போக எடுத்தது பதினோரு மாதம்.
திரும்பி வர, தூக்கம் போக,
ஒரு படம், இரண்டு சாப்பாடு.
ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டே வந்தான் யெர்னே.
கப்பல் வரும் வருமென்று
லாரி ஓட்டுநர்களோடு நான்கு நாள் காத்துக் கிடந்த
காஸ்பியன் கடலை
ஒரு டம்ளர் தக்காளிச் சாறு தீர்வதற்குள் தாண்டிவிட்டோம்.

ஞாயிறன்று மார்யெத்காவும் பிலாஷும் வந்தார்கள்,
சுட்ட கஷ்கொட்டையும் புது ஒயினுமாக.
"எது ரொம்பப் பிடித்தது?"
மேகாங் படகில் வந்த காய்ச்சலை அவன் சொன்னான்.
சொல்லச் சொல்ல அரை டிகிரி கூடுகிறது அந்தக் காய்ச்சல்.
வாழைப்பழம் பொரித்து விற்ற பெண்
அவன் மணிக்கட்டில் கட்டிய வெள்ளை நூலைக் காட்டினான்.
இப்போது அது வெள்ளையில்லை.
பூசணி விதை எண்ணெயில் தோய்ந்து
சாலட் கிண்ணத்தின் பச்சை அதில் ஏறிவிட்டது.
கழற்ற மாட்டேன் என்கிறான், தானாக அறும் வரை.

நான் "மலைகள்" என்றேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.

சொல்லாதது இது:
அக்தாவ் ரயில் நிலையம், பின்னிரவு.
விளக்கில் மோதும் பூச்சிகள்.
பெஞ்சில் என் தோள் மேல் சாய்ந்து அவன் தூங்கிப்போனான்.
வண்டி நான்கு மணி நேரம் தாமதம்.
முதலில் வலித்தது, பிறகு எறும்பு ஊர்ந்தது,
பிறகு என் தோளே எனக்கு இல்லை.
எதிரே கம்பளி விற்கும் கிழவர் ஒருவர்
ஒரு பொட்டலத்தை என் முழங்கைக்கு அடியில் செருகிவிட்டு
தன் இடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.
நான் அசையவில்லை.
விழித்ததும் யெர்னே கேட்டான்:
"நீ ஏன் தூங்கவே இல்லை?"
பூச்சிகள் என்றேன்.

இன்று இரவுச் செய்தி முடியுமுன்
அவன் தலை தொங்கிவிட்டது,
சோபாவில், நான் இல்லாத பக்கமாக.
அங்கே வெறும் காற்று.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுந்து சுற்றிப் போய்
அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.
தலை வந்து இறங்கியது, பழைய எடையோடு,
எண்ணெய் வாசனையோடு.

அடுப்பில் கெட்டில் விசிலடிக்கத் தொடங்கியது.
அடிக்கட்டும்.
சுவரைத் தட்டுகிறாள் ஸ்தென்கா.
தட்டட்டும்.