ஒன்பது நாள் லீவு

சாப்பாட்டு மேசையில் அமெரிக்கா கிடக்கிறது,
நாலு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகள்.
வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு
அதைத் தூக்கிக்கொண்டு போகவேணும்.

விசா கிடைத்துவிட்டது. ஒன்பது நாள் லீவு.
டொலர் ஏறினால் எட்டு.

யெல்லோஸ்டோன் என்றேன்.
சுடுதண்ணி பார்க்க அவ்வளவு தூரமோ,
கன்னியாய்க்கு பஸ் ஓடுதே என்றான் குகதாசன்.
யோசெமிட்டியில் கரடி.
டெத் வேலி: பெயரை மாத்தட்டும், போவம்.

ரெட்வுட் மரங்களின் படத்தைக் காட்டினேன்,
ஒன்று எங்கள் ஃப்ளாட்டைவிட உயரம்,
அடியில் பன்னம், இருட்டு, ஈரம்.
பென்சிலால் மெல்ல ஒரு கோடு இழுத்தான்.
காடு வேண்டாம்.

ஏனென்று நான் கேட்பதில்லை.
பதினாலு வருஷமாய்க் கொழும்பில் இருக்கிறோம்,
வில்பத்துவுக்கும் போனதில்லை.

பாணந்துறை ரயில் போனது.
அலுமாரிக் கண்ணாடி நடுங்கி முடியுமட்டும்
இரண்டு பேரும் பேசவில்லை.

அரிசோனாவில் ஒன்று இருக்கு என்றேன்,
மரமெல்லாம் எப்பவோ விழுந்து
கல்லாய்ப் போச்சாம்.

நிழல்?
இல்லை.
பற்றை?
புல்லுத்தான், கணுக்காலளவு.
எவ்வளவு தூரம் தெரியும்?
கண்ணுக்கு எட்டுமட்டும்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
ஊர்ப்பெயரை இரண்டு தரம் வாசித்தான்.
தொப்பி வாங்கவேணும் என்றான்,
உனக்கும்.